கிழக்குச் சுவரோரம் பத்து மீட்டர்

முர்மான்ஸ்க்
மார்ச் 2, 1969

அஸ்ஸலாமு அலைக்கும் இனோபத் அக்கா,

நீங்களும் சனோபர் குட்டியும் நலமா? பெரியப்பா, பெரியம்மா, பக்கத்து வீட்டு எர்காஷ் தாத்தா எல்லோரையும் நான் விசாரித்ததாகச் சொல்லுங்கள். நான் நலம். ராணுவத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை, காலையில் உருளைக்கிழங்கு உரிக்கும் வேலையைத் தவிர.

உங்கள் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. ஆப்ரிகாட் ஆறும் பட்டுப் போயின, குளிருக்குப் பயந்து மண்ணுக்குள் வளைத்துப் புதைத்த மாதுளையும் அழுகிவிட்டது, திராட்சையில் ஒரு கொடிகூடத் தேறாது என்று எழுதியிருந்தீர்கள். எல்லாம் அப்பா வைத்தவை. வடக்குக் கடலோரத்தில் நான் விறைத்துக்கொண்டிருந்தபோது தெற்கே நம் ஃபெர்கானாப் பள்ளத்தாக்கிலும் அதே குளிர் என்றால் யார் நம்புவார்கள்? படித்துவிட்டு அன்று சாப்பிடப் பிடிக்கவில்லை.

ஆனால் அழுது ஆகப் போவது ஒன்றுமில்லை. என் கட்டிலுக்கு மேல் கட்டிலில் படுப்பவன் மிகோலா, உக்ரைன்காரன், விவசாயப் பள்ளியில் படித்தவன். அவனிடம் நம் முற்றத்தின் நீள அகலத்தைச் சொன்னேன். கட்டம் போட்ட தாளில் அழகாக வரைந்து கொடுத்துவிட்டான். இத்துடன் வைத்திருக்கிறேன். ஆப்ரிகாட்டுக்கு நடுவே ஆறு மீட்டர், ஆப்பிளுக்கு ஐந்து, மாதுளைக்கு மூன்று, திராட்சைக்கு இரண்டரை. தக்காளிக்கு அறுபது சென்டிமீட்டர், மிளகாய்க்கு முப்பது. நம் ஊரில் கண்பார்வைக்கு நட்டுவிட்டு, பிறகு கிளையோடு கிளை மல்லுக்கட்டுவதைப் பார்த்துக்கொண்டு நிற்போமே, அது இனி வேண்டாம். தாளில் உள்ளபடியே நடுங்கள், ஒரு சாண்கூட மாற்றாதீர்கள்.

இன்னொரு விஷயம். நவம்பரில் நான் திரும்பியதும் ஒகிலாவுடன் என் திருமணம் என்று பெரியப்பா எழுதியிருக்கிறார். வீட்டில் இருப்பது இரண்டே அறை. புதுப்பெண் வந்தபின் நீங்களும் சனோபரும் எங்கே இருப்பது என்று அவர் யோசித்துக்கொண்டிருக்கிறாராம். மர்கிலான் நகரத்தில் மனைவியை இழந்த ஒருவர் இருக்கிறார் என்றும் ஏதோ எழுதியிருந்தார். பெரியவர்கள் பார்த்துக்கொள்வார்கள், நீங்கள் கவலைப்பட வேண்டாம். தோட்டத்தை மட்டும் பாருங்கள்.

உங்கள் தம்பி
யுல்தாஷ்


குவா
மார்ச் 17, 1969

அன்புத் தம்பி யுல்தாஷ்,

வ அலைக்கும் ஸலாம். நாங்கள் நலம். சனோபருக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. நீ வரும்போது பொக்கை வாயோடுதான் வரவேற்பாள்.

மிகோலாவின் தாள் வந்தது. கோடெல்லாம் நேராக இருக்கிறது. அதில் வாய்க்கால் எங்கே? தேடித் தேடிப் பார்த்தேன், காணோம். நமக்குத் தண்ணீர் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, எட்டு நாளுக்கு ஒரு முறை எத்தனை மணி நேரம் வருகிறது என்று அவனிடம் நீ சொல்லவில்லையா? அவன் ஊரில் மழை பெய்யும், எங்கே நட்டாலும் முளைக்கும். இங்கே வாய்க்காலின் சரிவு எப்படிப் போகிறதோ அப்படித்தான் வரிசை போகும். அவன் தாளில் வடக்கு தெற்காக இருந்ததை நான் கிழக்கு மேற்காகத் திருப்பிவிட்டேன். இடைவெளியை மட்டும் அவன் சொன்னபடியே வைத்தேன். அந்த மட்டில் பையன் கெட்டிக்காரன்.

மீட்டர் கோலுக்கு நான் எங்கே போவேன்? பள்ளிக்கூட வாத்தியாரிடம் ஒரு நாள் கடன் வாங்கி, என் மண்வெட்டிக் காம்பை அதோடு வைத்துப் பார்த்தேன். ஒரு மீட்டருக்கு நாலு விரல் கூட. அந்த நாலு விரலில் ஒரு வெட்டுக் குறி போட்டுவிட்டு, காம்பாலேயே எல்லாம் அளந்தேன். கயிற்றின் ஒரு முனையைச் சனோபர் பிடித்துக்கொண்டு நின்றாள். எர்காஷ் தாத்தா சுவருக்கு மேலே தலையை நீட்டிக்கொண்டு, "எண்பத்தோரு வருஷமா இந்தத் தெருவுல இருக்கேன். கயித்தக் கட்டிக்கிட்டு மரம் நடுறவள இப்பத்தான் பாக்குறேன். ஏம்மா, மரம் என்ன ஓடியா போயிடும்?" என்றார்.

கூட்டுப்பண்ணை நாற்றங்காலில் கிடைத்தது ஆப்ரிகாட் ஆறு, ஆப்பிள் நாலு, மாதுளை எட்டு. திராட்சைக்குப் பெரியம்மா வீட்டுக் கொடியிலிருந்து பதியன். எல்லாம் நட்டாகிவிட்டது. காலி இடத்தில் ஆப்ரிகாட்டின் நிழல் விழுவதற்கு இன்னும் நாலு வருடம் ஆகும். அதுவரை நடுவில் தக்காளியும் மிளகாயும் போடப் போகிறேன். கார மிளகாயை முற்றத்தின் அந்தக் கோடியில், குடை மிளகாயை இந்தக் கோடியில். பக்கத்தில் வைத்தால் அதன் குணம் இதற்கு வந்து, எடுக்கிற விதையெல்லாம் கெட்டுவிடும். உன் மிகோலா தாளில் அதுவும் இல்லை.

கிழக்குச் சுவரோரம் கொஞ்சம் விட்டு வைத்திருக்கிறேன். அங்கே மண் சரியில்லை.

பெரியப்பா வந்திருந்தார். நீ எழுதிய மர்கிலான் விஷயம்தான். "நல்ல மனுஷன்மா. பட்டு ஆலையில வேலை. நாலு புள்ளைங்க, அம்மா இல்லாம தவிக்குதுங்க" என்றார்.

"அப்ப சனோபர் அஞ்சாவதா?" என்று கேட்டேன்.

பெரியப்பா தேநீர்க் கிண்ணத்தைக் கையில் சுற்றிக்கொண்டே இருந்தார். "அவரு அதுக்கு ஒத்துக்கல. பாப்பா எங்க வீட்டுல இருக்கட்டுமே. நீ மாசம் ஒருதடவ வந்து பாத்துட்டுப் போ."

"அவரு புள்ளைங்களுக்கு அம்மா வேணும். எம் புள்ளைக்கு வேணாமா பெரியப்பா?"

"இந்த வாய்க்குத்தான் புருஷன் வீட்டுல இருந்து திருப்பி அனுப்பினாங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். மூன்று வருடமாக இதையே கேட்கிறேன். இப்போதெல்லாம் காதில் ஏறுவதில்லை.

நான் கவலைப்பட வேண்டாம் என்று எழுதியிருந்தாய். சரி.

அக்கா
இனோபத்


முர்மான்ஸ்க்
மார்ச் 31, 1969

அக்காவுக்கு,

உங்கள் கடிதமும் பெரியப்பாவின் கடிதமும் ஒரே நாளில் வந்தன. எதை நம்புவது என்று தெரியவில்லை.

கிழக்குச் சுவரோரம் மண் சரியில்லை என்று நீங்கள் எழுதுகிறீர்கள். "வாசலைத் திறந்தவுடன் கண்ணில் படுகிற ஏழெட்டு மீட்டர் இடத்தை உன் அக்கா மொட்டையாகப் போட்டிருக்கிறாள், ஊர் கேட்கிறது, எனக்குப் பதில் சொல்ல வாயில்லை" என்று பெரியப்பா எழுதுகிறார். அக்கா, அங்கேதானே அப்பாவின் அத்தி நின்றது? ஒரு வாளி நிறையப் பழம் கொடுத்த மண் எப்போது கெட்டுப் போனது? வாய்க்காலும் அதை ஒட்டித்தான் போகிறது.

மிகோலாவிடம் கேட்டேன். ஏழெட்டு மீட்டர் சதுரம் சும்மா விடும்படி எந்த மரமும் நம் பட்டியலில் இல்லையாம். "உங்க அக்கா அங்க என்ன, ஹெலிகாப்டர் இறக்கப் போறாங்களா?" என்று சிரிக்கிறான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முற்றம் என் பேரில் இருக்கிறது. அதில் எது எங்கே இருக்கிறது என்று நான் தெரிந்துகொள்ளக் கூடாதா?

மர்கிலான்காரரைப் பற்றிப் பெரியப்பாவிடம் அப்படி வெடுக்கென்று பேசியிருக்க வேண்டாம். அவரும் நம் நன்மைக்குத்தானே அலைகிறார். சனோபரைப் பெரியம்மா கண் போலப் பார்த்துக்கொள்வாள். ஒகிலாவின் வீட்டாரும், வீட்டில் யார் யார் இருப்பார்கள் என்று கேட்கிறார்களாம். நிதானமாக யோசியுங்கள்.

அங்கே என்ன நடப் போகிறீர்கள் என்று உடனே எழுதுங்கள்.

யுல்தாஷ்


குவா
ஏப்ரல் 13, 1969

யுல்தாஷ்,

கிழக்குச் சுவரோரம் அக்ரூட் நட்டிருக்கிறேன்.

அக்ரூட்டுக்குப் பத்து மீட்டர் வேண்டும், அதன் நிழலில் தக்காளிகூட வராது என்று மிகோலாவின் புத்தகத்திலேயே இருக்கும். கேட்டுப் பார். அதனால்தான் சுற்றிலும் ஒன்றும் நடவில்லை.

பெரியப்பா போன வாரம் வந்து என்ன குச்சி இது என்று கேட்டார். சொன்னேன். முகம் வெளுத்துப் போய்விட்டது. "நீயேவா நட்ட? உங்கையாலயா?" என்றார். ஆமாம் என்றேன். தேநீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் யாரும் கால் வைப்பதில்லை.

தக்காளி நாற்று இன்னும் மூன்று வாரத்தில் இறங்கிவிடும். உன் அறுபது சென்டிமீட்டர் எனக்கு அதிகமாகத் தெரிகிறது. நம் வெயிலுக்கு இலை ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டு நின்றால்தான் காய் வேகாமல் இருக்கும். ஐம்பது வைக்கிறேன். கோபித்துக்கொள்ளாதே.

அக்கா


முர்மான்ஸ்க்
ஏப்ரல் 26, 1969

அக்கா, அக்கா,

உங்களுக்கு என்ன பைத்தியமா? வயது இருபத்தொன்பது! நம் ஊரில் எழுபது தாண்டாத ஒருத்தர் அக்ரூட் நட்டு நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நட்டவர் அதன் முதல் காயைத் தின்ன இருக்க மாட்டார் என்பது சனோபருக்குக்கூடத் தெரியும்.

கூட்டுப்பண்ணை அலுவலகத்துக்கு முன்னால் அப்பா அக்ரூட் நட்டபோது அவருக்கு நாற்பது வயது. எல்லோரும் தடுத்தார்கள். "நான் கட்சி உறுப்பினர், எனக்கு இதெல்லாம் கிடையாது" என்றார். ஒன்பதாவது வருடம் அது காய்த்தது. அந்தச் செப்டம்பரில்தானே அவரைத் தூக்கிக்கொண்டு போனோம்? எனக்குப் பதினொரு வயது. டாக்டர் நுரையீரல் என்று சொன்னார். சொல்லட்டும். அந்த மரத்தடி வழியாக நான் இன்றுவரை போனதில்லை, சுற்றிக்கொண்டுதான் போவேன்.

லீவு கேட்டேன். "எதுக்கு?" என்றார் சார்ஜன்ட்.

"எங்க அக்கா ஒரு மரம் நட்டுட்டாங்க சார்."

"அதுக்கு?"

"அது அக்ரூட் சார்."

லீவுத் தாளை என்னிடமே திருப்பித் தந்தார். "போய் உருளைக்கிழங்க உரி" என்றார். இப்போது படைப்பிரிவு முழுக்க என்னை அக்ரூட் என்றுதான் கூப்பிடுகிறார்கள். மிகோலா, அவன் ஊரில் கல்யாணமாகாத பையன்கள்கூட நடுகிறார்கள், ஒன்றும் ஆகவில்லை என்கிறான். அவன் ஊரில் ஆகாது. அவன் அப்பா உயிரோடு இருக்கிறார்.

பிடுங்கி எறியுங்கள் என்று முதலில் எழுதினேன். பிறகு அதுவும் கெடுதலாக முடியுமோ என்று அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன். எர்காஷ் தாத்தாவுக்கும் தனியாக எழுதியிருக்கிறேன். அவர் வந்து தன் கையால் தோண்டி எடுத்து, "இது என் மரம்" என்று சொல்லி மறுபடி நடட்டும். எண்பத்தொன்றில் அவருக்கு என்ன பயம்? நீங்கள் அதற்குத் தண்ணீர்கூட ஊற்றாதீர்கள். தொடாதீர்கள்.

அம்மாவின் முகம் எனக்கு நினைவில்லை. யோசித்தால் உங்கள் முகம்தான் வருகிறது. நவம்பரில் நான் கதவைத் தட்டும்போது திறப்பதற்கு நீங்கள் இருக்க வேண்டும். எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்? மர்கிலானும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். என் கல்யாணம் ஒரு வருடம் தள்ளிப் போனாலும் போகட்டும். அந்த மரத்தை மட்டும் எடுத்துவிடுங்கள்.

கடிதம் கிடைத்ததும் தந்தி கொடுங்கள். "எடுத்தாகிவிட்டது" என்று இருந்தால் போதும்.

உங்கள் யுல்தாஷ்


குவா
மே 9, 1969

என் யுல்தாஷ்,

பயப்படாதே என்று நான் கொடுத்த தந்தி கிடைத்திருக்கும். இதைப் படிக்கும்போது உட்கார்ந்து படி.

எர்காஷ் தாத்தா உன் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, மண்வெட்டியோடு வந்தார். பிஸ்மில்லா சொல்லிவிட்டுக் குனிந்தார். நிமிர்ந்தார். மறுபடி குனிந்து, குச்சியை விரலால் சுரண்டிப் பார்த்தார். "இனோபத், இது மல்பெரிக் குச்சி. அதுவும் காஞ்சது" என்றார். பிறகு கண்ணைச் சுருக்கிக்கொண்டு நாலு பக்கமும் பார்த்தார். "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. நாலு மூலைக்கும் நாலு குச்சி. ஏம்மா, இந்த மரத்துக்குக் கதவு எந்தப் பக்கம்?" என்றார். நின்ற இடத்திலேயே எனக்கு அழுகை வந்துவிட்டது.

அங்கே மரம் இல்லை. எப்போதும் இல்லை. அது ஒரு அறை. ஐந்துக்கு நாலு மீட்டர். எனக்கும் சனோபருக்கும். பாதிச் சுவருக்கு வேண்டிய மண் கட்டிகளை மார்ச் மாதத்திலிருந்தே பிசைந்து, சுவருக்குப் பின்னால் காய வைத்திருக்கிறேன்.

உன்னிடம் ஏன் கேட்கவில்லை என்றால், நீ பெரியப்பாவைக் கேட்பாய். அவர் கூடாது என்பார். ஒரு முறை கூடாது என்று சொல்லிவிட்டால், அதற்குப் பிறகு நான் அந்த இடத்தில் குச்சி நட முடியாது. அவர் வேறு மரத்தைக் கொண்டுவந்து நடுவதற்கு முன் யாரும் நெருங்காத ஒரு பெயர் வேண்டியிருந்தது. அப்பாவின் விஷயத்தை நான் மறந்துவிட்டேன் என்று நினைக்காதே. மறக்கவில்லை. அதனால்தான் இந்தப் பொய் பலிக்கும் என்று எனக்குத் தெரிந்தது. உன்னை அழவைக்கும் என்று மட்டும் தோன்றவில்லை. அது என் தப்பு. என்னை மன்னித்துவிடு.

இப்போது நேராகவே கேட்கிறேன். பட்டுப்புழு வந்துவிட்டது. கூட்டுப்பண்ணை கொடுத்த இரண்டு பெட்டி முட்டையும் பொரித்து, பெரிய அறை முழுக்கப் புழு. நானும் சனோபரும் சின்ன அறையில் சுருண்டு கிடக்கிறோம். நாற்பது நாளைக்குப் புழுவுக்கு ஒரு அறையை விட்டுக்கொடுக்கிற வீடு இது. எனக்கு ஒன்று கொடுக்கக் கூடாதா?

உன் மரம் ஒன்றுகூடக் குறையவில்லை. ஆப்ரிகாட் ஆறு, ஆப்பிள் நாலு, மாதுளை எட்டு, எல்லாம் தாளில் இருக்கிற இடைவெளியில்தான் நிற்கின்றன. வந்து கோல் வைத்து அளந்து பார். எது எங்கே நிற்கிறது, வாய்க்கால் எப்படிப் போகிறது என்று அளந்து குறித்த தாளும் இத்துடன் இருக்கிறது. அவற்றைக் கொஞ்சம் மேற்கே தள்ளித் தள்ளி, யாருக்கும் நெருக்கடி இல்லாமல் இந்த இடத்தை எடுத்தேன். ஒகிலாவுக்கும் நான் நெருக்கடியாக இருக்க மாட்டேன். என் அடுப்பு தனி.

நீ வேண்டாம் என்றால் ஒரே நாளில் குச்சிகளைப் பிடுங்கிவிட்டு, இலையுதிர் காலத்தில் அங்கே ஒரு ஆப்பிளை வைக்கிறேன். முற்றம் உன்னுடையது. ஆனால் சனோபரை விட்டுவிட்டு மர்கிலானுக்குப் போக மாட்டேன். அதை யார் சொன்னாலும் மாட்டேன். நீ சொன்னாலும்.

அக்கா
இனோபத்


முர்மான்ஸ்க்
மே 25, 1969

அஸ்ஸலாமு அலைக்கும் அக்கா,

இரண்டு நாள் உங்கள் மேல் கோபமாக இருந்தேன். உருளைக்கிழங்கெல்லாம் பாதியாகிவிட்டது, அவ்வளவு தடிமனாகத் தோலைச் சீவினேன். "என்னிடமே கேட்டிருக்கலாமே" என்று எழுத உட்கார்ந்தேன். பிறகு மார்ச் மாதத்தில் நான் உங்களுக்கு என்னவெல்லாம் எழுதினேன் என்று நினைத்துப் பார்த்தேன். நீங்கள் கேட்டிருந்தால் நான் பெரியப்பாவைத்தான் கேட்டிருப்பேன். வெட்கமாக இருந்தது. எனக்குச் சோறு ஊட்டிய கைக்கு இடம் எங்கே என்று பெரியப்பா யோசித்துக்கொண்டிருக்க, நான் மிளகாய்க்கு முப்பது சென்டிமீட்டர் என்று எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன்.

பெரியப்பாவுக்கு இன்று எழுதிவிட்டேன். கிழக்குப் பக்கம் அக்காவுடையது, மர்கிலான்காரருக்கு வேறு இடம் பார்க்கச் சொல்லுங்கள் என்று. ஒகிலா வீட்டாருக்கும் இதைச் சொல்லிவிடும்படி எழுதியிருக்கிறேன். அவர்கள் யோசிப்பதென்றால் இப்போதே யோசித்துக்கொள்ளட்டும். அறை கட்டுவதற்குக் கிராம சபைக்கு என் சம்மதக் கடிதம் இத்துடன் இருக்கிறது. படைப்பிரிவின் முத்திரை வாங்கியிருக்கிறேன். முத்திரை குத்தும்போது சார்ஜன்ட், "ஏண்டா அக்ரூட், மரம் வீடாயிடுச்சா?" என்று கேட்டார். ஆமாம் சார் என்றேன்.

இனி வேலைக்கு வருவோம். குச்சி நட்ட இடத்தில் நீங்கள் ஒரு தப்புச் செய்திருக்கிறீர்கள். உங்கள் அளவுகளை வைத்து மிகோலா புதிதாக ஒரு தாள் வரைந்தான், இந்த முறை வாய்க்காலும் போட்டு. தென்மேற்கு மூலைக்கும் பக்கத்து ஆப்ரிகாட்டுக்கும் நடுவே மூன்று மீட்டர்தான் இருக்கிறது. அது போதாது. மண் சுவர் அக்கா அது, ஆப்ரிகாட் வேர் ஈரத்தைத் தேடி அடியில் போய்விடும். பத்துப் பன்னிரண்டு வருடத்தில் சுவர் வெடிக்கும். அந்த மரத்தை எடுத்துவிடுங்கள். இப்போது வேண்டாம், இலை உதிர்ந்தபின், நான் வந்து எடுக்கிறேன். வேறு இடம் தேட வேண்டாம், பெரியம்மாவுக்குக் கொடுத்துவிடலாம். எனக்கு ஐந்து போதும்.

அறையும் ஐந்துக்கு நாலு பற்றாது. மேற்குப் பக்கத்துக் குச்சி இரண்டையும் இன்னும் இரண்டு மீட்டர் மேற்கே தள்ளிப் போடுங்கள். பன்னிரண்டு வருடத்தில் சனோபருக்குப் பதினெட்டு வயது. பெண் கேட்டு வருகிறவர்களை உங்கள் அறையில்தான் உட்கார வைப்போம்.

உங்கள் தம்பி
யுல்தாஷ்